மூளை ஆராய்ச்சி முடிவுகள் எப்படிக் கைமாறுகின்றன?

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன். "மூளையின் இந்தப் பகுதிதான் இதற்குக் காரணம்" என்று வாரத்துக்கு ஒரு செய்தி கண்ணில் படுகிறது. மூளை ஆய்வாளர்கள் தாங்கள் கண்டுபிடித்ததைத் தங்களுக்குள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்? நம்மிடம் வந்து சேரும்போது அது எவ்வளவு மாறிவிடுகிறது? எதை நம்பலாம்?

பதில்: நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆய்வு முதலில் மாநாட்டில் பேச்சாகவோ போஸ்டராகவோ வெளியே வரும். அப்புறம் முன்பதிப்பாக, அதாவது ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவமாக, இணையத்தில் ஏறும். பிறகு ஆய்விதழில் கட்டுரையாகும். கூடவே அதன் மூலத் தரவும், பகுப்பாய்வுக்கு எழுதிய நிரலும் வெளியிடப்படலாம், வெளியிடப்படாமலும் போகலாம். கடைசியில்தான் பத்திரிகைச் செய்தி. பொதுமக்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசியை மட்டுமே. எம்ஆர்ஐ படங்களைப் பகுப்பாய்வு செய்வது என் அன்றாட வேலை. என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றிலும் முக்கியமானது தரவுதான். "இதைக் கண்டேன்" என்று ஒருவர் சொல்வது பாதி வேலை. அவர் பார்த்த அதே பொருளை இன்னொருவர் வாங்கித் தன் கண்ணால் பார்க்க முடிந்தால்தான் மீதிப் பாதி முடியும். என் துறை தன் தவறுகளைத் திருத்திக்கொண்ட பெரிய தருணங்கள் பலவும் இந்த மீதிப் பாதியால் வந்தவை.

இது கணினி வந்த பிறகு பிறந்த யோசனை இல்லை. நரம்பியலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1873இல் இத்தாலியர் காமில்லோ கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புத் திசுவுக்குச் சாயமேற்றும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாயம் எல்லாச் செல்களிலும் ஏறாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் அவற்றின் கிளைகளோடு முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அதுதான் அதன் சிறப்பு. எல்லாமே கறுத்துவிட்டால் எது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பெயினைச் சேர்ந்த சான்டியாகோ ரமோன் இ கஹால் 1887இல் மாட்ரிடில் ஒரு நண்பரிடம் இந்தச் சாயமேற்றிய திசுவைப் பார்த்தார். ஊர் திரும்பி அந்த முறையைச் செப்பமாக்கிக்கொண்டு இரவு பகலாக வேலை செய்தார். மூளை முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிய வலை என்றுதான் அப்போது பலர் நினைத்தார்கள். கோல்ஜியின் கருத்தும் அதுவே. கஹாலுக்குத் தெரிந்தது வேறு. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி, ஒன்றின் கிளை இன்னொன்றை நெருங்கி வருகிறதே தவிர அதோடு கலப்பதில்லை.

கண்டுபிடித்தாயிற்று, யாரிடம் சொல்வது? அறிவியல் அன்று ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் நடந்தது. ஸ்பானிய மொழியில் எழுதினால் படிக்க ஆளில்லை. அதனால் கஹால் 1888இல் சொந்தக் காசில் ஒரு காலாண்டு இதழைத் தொடங்கினார். முதல் இதழில் அச்சடித்தது 60 பிரதிகள்தான். அவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டு உடற்கூறு அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரிய பலன் எதுவும் இல்லை. அதனால் 1889 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஜெர்மன் உடற்கூறியல் சங்கக் கூட்டத்துக்குத் சாயமேற்றிய திசுவை வைத்த தன் கண்ணாடித் தகடுகளையும் நுண்ணோக்கியையும் தூக்கிக்கொண்டு நேரில் போனார். அரைகுறைப் பிரெஞ்சில்தான் அவரால் விளக்க முடிந்தது. ஆனால் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவர்களில் ஒருவர் ஆல்பர்ட் கோலிக்கர், அந்தத் துறையின் மூத்த பெரியவர், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதோடு நிற்காமல், கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக ஸ்பானியமும் கற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1891இல், வில்ஹெல்ம் வால்டயர் எழுதிய தொகுப்புக் கட்டுரை வழியாக, நரம்புச் செல்லுக்கு நியூரான் என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

எனக்கு இதில் இன்னும் பிடித்தது 1906. அந்த ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒரே சாயம், ஒரே வகைத் திசு, எதிரெதிர் முடிவுகள். நரம்புச் செல்கள் தனித்தனி என்ற நியூரான் கொள்கையை கோல்ஜி தன் நோபல் உரையிலேயே எதிர்த்துப் பேசினார். எவ்வளவு பெரியவர் சொன்னாலும் அது ஒரு தரப்புதான் என்பதை மாணவர்கள் இங்கிருந்தே தெரிந்துகொள்ளலாம். சர்ச்சையை முழுசாக முடித்து வைக்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. 1950களில் அது செல்களுக்கு இடையிலான இடைவெளியை நேரடியாகக் காட்டியது.

இன்றைய பெர்லின் கூட்டம் என்று அமெரிக்காவின் நரம்பியல் சங்கம் நடத்தும் ஆண்டு மாநாட்டைச் சொல்லலாம். 1969இல் தொடங்கிய சங்கம், 1971இல் வாஷிங்டனில் முதல் மாநாடு. இப்போது ஒவ்வோர் ஆண்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுகிறார்கள். மேடைப் பேச்சுகளை விட அங்கே முக்கியம் போஸ்டர் கூடம்தான். விமான நிலையம் மாதிரிப் பரந்த கூடத்தில் வரிசை வரிசையாகப் பலகைகள். அதில் தன் ஆய்வை ஒரே தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டு, பிஎச்டி மாணவர் ஒருவர் குறிப்பிட்ட நேரம் பக்கத்திலேயே நிற்பார். வருபவர் முதலில் கேட்பது "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்றிருக்கும். நல்ல ஆய்வாளராக இருந்தால் அடுத்த கேள்வியே வேறு மாதிரி வரும். எத்தனை எலிகள்? ஆணா, பெண்ணா? ஸ்கேனில் தலையை ஆட்டியதால் எத்தனை பேரை நீக்கினீர்கள்? நீக்குவது என்று முடிவெடுத்தது முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா? அச்சில் வரும் கட்டுரையில் ஒரு வரியில் போய்விடும் விஷயங்கள் இங்கே பத்து நிமிடம் அலசப்படும். யாரும் கேட்காத ஒரு கேள்வியை யாரோ முகம் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டுப் போக, ஊர் திரும்பிய மாணவர் பகுப்பாய்வை முதலிலிருந்து செய்வது இந்தத் துறையில் சகஜம். துறைக்குள் நடக்கும் தகவல் பரிமாற்றத்தில் மிக நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டுரை விஷயத்துக்கு வருவோம். ஆய்விதழுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று சக ஆய்வாளர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள், திருத்த வேண்டும், மறுபடி அனுப்ப வேண்டும். மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருடம் தாண்டுவதும் உண்டு. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வந்ததுதான் முன்பதிப்பு. இயற்பியலாளர்களுக்கு ஆர்க்கைவ் 1991லேயே வந்துவிட்டது. உயிரியலுக்கு 2013 நவம்பரில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் பயோஆர்க்கைவ் என்ற தளத்தைத் தொடங்கியது. அங்கே மிக அதிகமாகக் கட்டுரை ஏறும் பிரிவு நரம்பியல்தான். முன்பதிப்பு யாராலும் மதிப்பிடப்படாதது, அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் இலவசம், உடனே படிக்கலாம், பிழை இருந்தால் உலகமே சுட்டிக்காட்டலாம்.

காசு இந்தக் கதையில் பெரிய பங்கு வகிக்கிறது. படிப்பவரிடம் சந்தா வாங்குவது பழைய முறை. எழுதுபவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவது புதிய முறை. புதிய முறை கேட்க நன்றாக இருக்கிறது, கட்டணத்தைப் பார்க்கும் வரை. நேச்சர் குழும இதழ்களில் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 2021 முதல் என்று அறிவித்த தொகை 9,500 யூரோ. நம் ஊர் ஆய்வு மாணவர் ஒருவரின் ஆண்டு உதவித்தொகையை விட அது அதிகம். நியூரோஇமேஜ் என்பது எங்கள் துறையின் முன்னணி இதழ். எல்செவியர் நிறுவனத்துடையது, 2023இல் அதன் கட்டணம் 3,450 டாலர். அதைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் குழு கேட்டது, நிறுவனம் மறுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். எம்ஐடி பிரஸ் வழியாக, லாப நோக்கமில்லாத இமேஜிங் நியூரோசயின்ஸ் என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர்களில் யாரும் அந்த வேலையை நம்பிப் பிழைப்பவர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவர் விடாமல் வெளியேறியது இந்தத் துறையில் பெரிய நிகழ்வு. அதே ஆண்டு இலைஃப் இதழ், மதிப்பீட்டுக்குப் பிறகு "ஏற்றுக்கொள்கிறோம், நிராகரிக்கிறோம்" என்று தீர்ப்புச் சொல்வதையே நிறுத்திவிட்டது. மதிப்பீட்டாளர்கள் எழுதியதை அப்படியே கட்டுரையோடு சேர்த்து வெளியிடுகிறது. நீங்கள் மாணவர் என்பதால் சொல்கிறேன், அந்த மதிப்புரைகளைப் படியுங்கள். ஒரு கட்டுரையை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்பதை அவை பாடப்புத்தகத்தை விட நன்றாகக் கற்றுத்தரும்.

சரி, தரவு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்து மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், மூளை வோக்ஸல் எனப்படும் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. முழு மூளைக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் "இங்கே ரத்த ஓட்டம் மாறியதா?" என்று ஒரு புள்ளியியல் சோதனை. ஆயிரத்தில் ஒரு முறை தற்செயலாகத் தப்பு வரலாம் என்று அனுமதித்தாலும், ஒரு லட்சம் சோதனையில் சுமார் நூறு இடங்கள் சும்மாவே ஒளிரும். இதைத் திருத்த முறைகள் இருந்தன. ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. 2009இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். மனிதர்கள் பல்வேறு உணர்ச்சிகளில் இருக்கும் படங்களை அதற்குக் காட்டினார்கள். திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது, பார்த்த 8,064 வோக்ஸல்களில் 16 "செயல்பட்டன". திருத்தம் செய்தவுடன் ஒன்றும் இல்லை. இதை மாநாட்டில் போஸ்டராக வைத்தார்கள், ஆய்விதழ்கள் சில நிராகரித்தன, 2012இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. புள்ளியியல் கட்டுரைகள் பல ஆண்டுகளாகச் சொல்லியும் நடக்காததை ஒரு மீன் நடத்திக் காட்டியது. அதற்குப் பிறகு திருத்தம் செய்யாத கட்டுரைகளை அனுப்புவது கூச்சத்துக்குரிய விஷயமாகிவிட்டது.

மீனுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு சண்டை நடந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் மைக்கேல் கஸானிகா, தான் நடத்திய ஜர்னல் ஆஃப் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் இதழில் எழுதுபவர்கள் ஸ்கேன் தரவை ஒரு பொது மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னார். கடுமையான எதிர்ப்பு வந்தது. நாங்கள் வருடக் கணக்கில் பாடுபட்டுச் சேர்த்ததை வேறொருவர் எடுத்து எங்களுக்கு முன்பே கட்டுரை எழுதிவிட்டால்? ஸ்கேனில் படுத்தவர்களின் அந்தரங்கம் என்னாவது? இரண்டும் நியாயமான கேள்விகள், அலட்சியப்படுத்தக் கூடாதவை. அந்த மையம் நிலைக்கவில்லை. ஆனால் யோசனை நிலைத்தது. ஸ்டான்ஃபோர்டின் ரஸ்ஸல் போல்ட்ராக் முன்னெடுத்த திறந்த சேமிப்பகம்தான் இன்று ஓபன்நியூரோ. யாரும் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

திறந்த தரவு என்ன செய்யும் என்பதை 2016இல் எல்லாரும் பார்த்தார்கள். ஸ்வீடனின் ஆன்டர்ஸ் எக்லுண்ட், ஹான்ஸ் நட்சன், பிரிட்டனில் பணிபுரிந்த தாமஸ் நிக்கல்ஸ் மூவரும் புதிதாக யாரையும் ஸ்கேன் செய்யவில்லை. சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் திறந்த தரவை எடுத்தார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, நடக்காத ஒரு சோதனையை நடந்ததாக வைத்துக்கொண்டு, பிரபலமான மூன்று மென்பொருள்களில் ஏறக்குறைய 30 லட்சம் முறை பகுப்பாய்வு செய்தார்கள். அங்கே கண்டுபிடிக்க எதுவுமே இல்லை, ஆகவே நூற்றுக்கு ஐந்து முறைக்கு மேல் "கண்டுபிடிப்பு" வரக் கூடாது. பரவலாகப் பயன்பட்ட ஒரு முறையில், மோசமான அமைப்புகளில், 70 விழுக்காடு வரை வந்தது. ஒரு மென்பொருளில் 15 ஆண்டுகளாக யாரும் கவனிக்காத பிழையும் வெளியே வந்தது.

இதே சம்பவம் செய்தி எப்படிக் கோணலாகிறது என்பதற்கும் உதாரணம். 40,000 ஆய்வுகள் பாதிக்கப்படலாம் என்று கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது. உலகெங்கும் அந்த எண்ணே தலைப்பானது, "மூளை ஆராய்ச்சி மொத்தமும் செல்லாது" என்கிற தொனியில். பிறகு நிக்கல்ஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டு, உண்மையில் கவலைப்பட வேண்டியவை சுமார் 3,500 ஆய்வுகள் என்றார். அந்த வரிக்குத் திருத்தமும் வெளியானது. திருத்தத்தை எத்தனை பத்திரிகைகள் போட்டன என்று தேடிப் பாருங்கள்.

அதற்கும் அடுத்த படி 2020இல் நேச்சரில் வந்தது. 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே பாதையில் போகவில்லை. சில கேள்விகளில் ஏறக்குறைய எல்லாரும் ஒத்துப்போனார்கள், வேறு சிலவற்றில் கணிசமாகப் பிளவுபட்டார்கள். இதில் யாரும் ஏமாற்றவில்லை. படத்தை எவ்வளவு மங்கலாக்குவது, தலை அசைவை எப்படிக் கழிப்பது என்று வழியில் நூறு சின்ன முடிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நியாயமானது. ஒரே ஒரு குழுவின் கட்டுரையைப் படிக்கும்போது நாம் பார்ப்பது அந்த நூறில் ஒரு வழியை மட்டும்தான். இன்னும் இரண்டு ஆண்டு கழித்து ஸ்காட் மாரெக் குழு, ஏறக்குறைய 50,000 பேரின் பொதுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, மூளை அமைப்பில் உள்ள வேறுபாடுகளை அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளுக்கு ஆயிரக் கணக்கானவர்கள் தேவை என்று காட்டியது. இருபது முப்பது பேரை வைத்து அப்படி எழுதிய பழைய கட்டுரைகளை இனி அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

தரவைப் பகிர்வது என்றால் ஒரு கோப்பை மேலேற்றிவிடுவது என்று நினைக்காதீர்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் அடுத்த ஆய்வகத்திலிருந்து தரவு வந்தால் "ஃபைனல்_நியூ_2" என்ற கோப்புறை இருக்கும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அதை உருவாக்கியவருக்கே தெரியாது. 2016 முதல் பிட்ஸ் என்றொரு பொது ஒழுங்கு பரவியது. சப்-01 என்று ஒரு கோப்புறை, அவர்தான் முதல் பங்கேற்பாளர். அதற்குள் மூளையின் வடிவத்தைக் காட்டும் படத்துக்கு ஒன்று, செயல்பாட்டைக் காட்டும் படத்துக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு சின்ன உரைக் கோப்பு: எத்தனை விநாடிக்கு ஒரு படம், எந்த நொடியில் திரையில் என்ன காட்டினார்கள். இவ்வளவுதான். இந்தச் சாதாரண ஒழுங்கு வந்ததால், உலகின் எந்த மூலையில் எடுத்த தரவையும் இன்னொரு மூலையில் அன்றைக்கே திறந்து வேலையைத் தொடங்க முடிகிறது. விருது வாங்கித் தராத வேலை, ஆனால் இதைச் செய்தவர்களுக்குத் துறை முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

அப்புறம் முகம். தலையை ஸ்கேன் செய்தால் மூளையோடு மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் பதிவாகும். 2019இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் ஸ்கேனிலிருந்து முகத்தை வார்த்தெடுத்து, முகமறியும் மென்பொருளால் புகைப்படங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். 70 பேர் சரியாகப் பொருந்தினார்கள். அதனால் தரவை வெளியிடும் முன் முகப் பகுதியை அழித்துவிடுவோம். மென்பொருள் சில சமயம் மூளையின் முன்பகுதியையும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடும், ஒவ்வொரு படத்தையும் ஒரு ஆள் பார்த்தாக வேண்டும். ஸ்கேனில் படுத்தவர் நம்மை நம்பித் தலையைக் கொடுத்தவர். இதில் அவசரப்படக் கூடாது.

தரவு திறந்திராத இடத்தில் என்ன நடக்கும்? அல்சைமர் நோய் பற்றி 2006இல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரை, ஞாபக மறதிக்குக் காரணமான ஒரு குறிப்பிட்ட புரதக் கூட்டத்தைப் பிரித்தெடுத்ததாகச் சொன்னது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. அதிலிருந்த படங்கள் வெட்டி ஒட்டப்பட்டவையாகத் தெரிகின்றன என்று சந்தேகம் எழுந்ததும், 2022இல் சயின்ஸ் இதழ் விரிவாக எழுதியதும் பல ஆண்டுகள் கழித்துத்தான். 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அல்சைமர் ஆராய்ச்சி முழுக்கப் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை, அந்தப் புரதக் குடும்பத்தைப் பற்றி வேறு பல தனிச் சான்றுகள் உண்டு. ஆனால் அச்சில் இருந்த படத்தைத் தவிர வேறு எதையும் யாராலும் பார்க்க முடியாமல் இருந்தால் ஒரு பிழை பதினெட்டு ஆண்டு வாழும்.

நல்ல செய்திகளும் நிறைய. 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது: 139,255 நியூரான்கள், அவற்றுக்கிடையே சுமார் ஐந்து கோடி இணைப்புகள். ஏஐ பிரித்துக் கொடுத்ததில் இருந்த பிழைகளைப் பல நாட்டு ஆய்வகங்களோடு சாதாரணத் தன்னார்வலர்களும் சேர்ந்து ஒவ்வொரு செல்லாகத் திருத்தினார்கள். வேலை முடியும் முன்பே வரைபடம் மற்றவர்களுக்குத் திறந்திருந்தது, அதை வைத்து வேறு ஆய்வகங்கள் கட்டுரைகளே எழுதிவிட்டன. நமக்குப் பக்கத்திலேயே, சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற தொகுப்பை வெளியிட்டது. இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த ஐந்து கருக்களின் மூளைகள், 5,132 வெட்டுகள், செல் அளவு நுணுக்கத்தில். உலகில் யாரும் உலாவியில் திறந்து பெரிதாக்கிப் பார்க்கலாம். இதற்கு முன் கருவின் மூளைக்கு இவ்வளவு நுணுக்கமான தொகுப்பு இருந்ததில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது, அதை இலவசமாகத் திறந்துவைத்தார்கள் என்பதற்காக இன்னும் அதிகமாக.

இனி, பொதுமக்களிடம் வரும் வழி. செய்தியாளர்கள்தான் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்து 2014இல் பிஎம்ஜே இதழில் எழுதியது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், விலங்கில் செய்ததை மனிதனுக்குப் பொருந்தும் என்று கட்டுரையே சொல்லாத அளவுக்கு நீட்டியிருந்தன. குறிப்பு அப்படி நீட்டியிருந்தால் செய்திகளில் 86 விழுக்காடு நீண்டன, குறிப்பு அடக்கமாக இருந்தால் 10 விழுக்காடுதான். அதாவது ஊதல் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலேயே தொடங்கிவிடுகிறது, அந்தக் குறிப்பை ஆய்வாளரும் பார்த்து ஒப்புதல் கொடுத்திருப்பார். எங்கள் தரப்பு ஏற்க வேண்டிய பொறுப்பு இது.

மொசார்ட் கதை தெரிந்திருக்கும். 1993இல் நேச்சரில் ஒரே பக்கக் கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள், மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு இடம்சார்ந்த புதிர் ஒன்றில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், விளைவு கால் மணி நேரத்தில் போய்விட்டது. குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்விசை வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அறிவு வளர இசைப்பெட்டி என்று நம் ஊர்க் கடைகளிலும் விற்றார்கள். 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் சுமார் நாற்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மொசார்ட்டுக்கென்று தனிச் சிறப்பு ஏதும் தென்படவில்லை. பிள்ளைக்குப் பாட்டுப் போடுங்கள், பாட்டு நல்ல விஷயம். மூளைக்கு என்று சொல்லிக் காசு கேட்டால் மட்டும் யோசியுங்கள்.

பொதுமக்களிடம் பேசுவதில் கைதேர்ந்தவர்களும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவருக்கு இல்லாத கையில் வரும் வலியை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு சாதாரணப் பெட்டியால் குறைத்துக் காட்டியவர். 2003இல் பிபிசியின் ரீத் உரைகளை நிகழ்த்தியபோது, சிக்கலான நரம்பியலை எவரும் பின்தொடரும்படி பேசினார். அதே பேச்சுத்திறன், ஆட்டிசத்துக்குக் காரணம் கண்ணாடி நியூரான்களின் (நாம் ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் செயல்படுபவை) குறைபாடு என்ற கருதுகோளையும் வெகுதூரம் கொண்டுபோனது. பின்னாளில் வந்த சான்றுகள் அதைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. கேட்க அழகாக இருக்கிறது என்பதும் உண்மை என்பதும் வேறு வேறு கணக்கு.

நேரடியாகக் காட்டுவது எப்போதும் நன்றாக வேலை செய்கிறது. எச்.எம். என்று அறியப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953இல் செய்த அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகள் பதியவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். 2008இல் இறந்தார். 2009 டிசம்பரில் சான் டியாகோவில் ஜகோபோ அன்னேசே குழு அவரது மூளையை 53 மணி நேரத்தில் 2,401 சீவல்களாக வெட்டியது, அதை இணையத்தில் நேரலையாக நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். பெரும்பாலான நேரம் திரையில் நடந்தது ஒரே வேலைதான்: கத்தி ஒரு முறை நகரும், ஒரு மெல்லிய படலம் சுருண்டு வரும், தூரிகையால் எடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு ஆராய்ச்சி என்பது எவ்வளவு பொறுமை கேட்கும் தொழில் என்று யாரும் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். அடுத்த முறை "மூளை ஆய்வு சொல்கிறது" என்று செய்தி வந்தால் மூலக் கட்டுரையைத் தேடி எடுங்கள். முதலில் முறைகள் பகுதியைப் படியுங்கள், முடிவுரையைக் கடைசியில். எலியா மனிதரா, எத்தனை பேர், ஆய்வுத் திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதா, தரவு எங்கே கிடைக்கும் என்ற வரி இருக்கிறதா, "கேட்டால் தருவோம்" என்று மட்டும் இருக்கிறதா. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை, கேட்டால் பல சமயம் பதிலே வராது. கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால், உங்கள் கல்லூரி அரசு நிறுவனமா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. பல கல்லூரிகளில் மாணவர்களுக்கு இது தெரியவே தெரியாது, நூலகரிடம் போய்க் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் பயோஆர்க்கைவில் அதே கட்டுரையின் முன்பதிப்பு இருக்கலாம், இல்லாவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரைப் பிரதி கேட்டு எழுதினால் பெரும்பாலோர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஆய்வுத் திட்டத்துக்கு ஸ்கேனர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 70 குழுக்கள் பகுப்பாய்வு செய்த அதே 108 பேரின் தரவு ஓபன்நியூரோவில் இருக்கிறது. முழுவதையும் இறக்க வேண்டாம், ஐந்து பேருடையதை மட்டும் எடுங்கள், சாதாரண லேப்டாப் போதும். எஃப்எஸ்எல், ஏஎஃப்என்ஐ இரண்டும் இலவச மென்பொருள்கள். முதல் வாரம் எதையும் கணக்கிடாமல் படங்களைத் திறந்து ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பாருங்கள். யார் தலையை அசைத்திருக்கிறார், எங்கே சிக்னல் விழுந்திருக்கிறது, முகம் எங்கே அழிக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்குப் பழகட்டும். அதன் பிறகு அந்த ஒன்பது கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த முடிவை எதற்காக எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு படியிலும் எழுதி வைத்துக்கொண்டே போங்கள். சிக்கினால் இங்கேயே கேளுங்கள், எந்தக் கட்டளையைக் கொடுத்தீர்கள், என்ன பிழைச்செய்தி வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.